வழங்கி மொழிகளின் வருங்காலம்

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பவர் கண்ணுக்குத் தெரிவன எழுத்தும் படமுமே. கேட்டவர் யார், கேட்டது எது என்று அறிந்து, வேண்டியவற்றைத் தேடியெடுத்து, ஒழுங்குபடுத்தி அனுப்பிவைக்கும் வேலை எங்கோ தொலைவில் உள்ள ஒரு கணினியில் நடைபெறுகிறது. அக்கணினியை ஆங்கிலத்தில் 'சர்வர்' என்பர். தமிழில் 'வழங்கி' என்னும் பெயர் வழக்கில் உள்ளது. வழங்கிக்கு இன்னது செய்க என்று கட்டளையிடப் பயன்படும் நிரல்மொழிகள் பல. பெர்ல், பி.எச்.பி., ஜாவா, பைத்தான், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட், 'கோ' என அவற்றின் வரிசை நீளும்.

இவற்றுள் எம்மொழி நிலைக்கும், எம்மொழி மறையும் என்னும் வினா ஆண்டுதோறும் எழுகிறது. கணினித் துறையில் புக விரும்பும் மாணவர் ஆசிரியரிடம் கேட்கும் முதல் வினாவும் பெரும்பாலும் இதுவே. விரைவு மிக்க மொழியே நிலைக்கும் என்பர் ஒரு சாரார். புதிய மொழியே நிலைக்கும் என்பர் மற்றொரு சாரார். கடந்த முப்பது ஆண்டு வரலாற்றை நோக்கின் இவ்விரண்டும் முழுவிடை ஆகா. தன்னில் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை ஒரு மொழி எங்ஙனம் நடத்துகிறது என்பதே அதன் வாழ்வையும் தாழ்வையும் பெரிதும் முடிவு செய்திருக்கிறது. இதனைச் சில சான்றுகளால் ஆராய்தல் தகும்.

வழங்கி செய்யும் வேலை

பள்ளி அலுவலகத்திற்கு ஒரு தாய் வருகிறார். தம் மகளின் தேர்வு மதிப்பெண்களைக் கேட்கிறார். அலுவலகக் கிராணி பதிவேட்டைப் புரட்டி, அப்பிள்ளையின் பெயரைக் கண்டு, மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். தாய் கையில் பெறுவது ஒரு தாள். பதிவேடு அலுவலகத்திலேயே இருக்கிறது. அடுத்து வருபவருக்கு வேறு தாள் எழுதப்படும். வந்தவர் அப்பிள்ளையின் பெற்றோர்தாமா என்று கிராணி பார்ப்பதும் உண்டு.

இணையத்திலும் இதுவே முறை. தாயின் இடத்தில் இருப்பது வாசகரின் கணினியில் உள்ள உலாவி. பதிவேட்டின் இடத்தில் இருப்பது தரவுத்தளம். கிராணியின் இடத்தில் இருந்து, வந்தவரை அறிந்து, பதிவேட்டைப் பார்த்து, தாளை எழுதிக் கொடுப்பது வழங்கியில் ஓடும் நிரல். அந்நிரல் எழுதப்பட்ட மொழியே வழங்கி மொழி. வங்கிக் கணக்கு, விமானச் சீட்டு, மருத்துவமனைப் பதிவு ஆகிய அனைத்திற்கும் பின்னே இத்தகைய நிரல்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவை பழுதுபடின் தாள் வாராது. தவறாக எழுதப்படின் பிறர் தாள் நம் கைக்கு வந்துவிடும். ஆகவே இம்மொழிகளின் வருங்காலம் நிரல் எழுதுவோர்க்கு மட்டும் உரிய கவலை அன்று.

1995ஆம் ஆண்டின் பிறப்புகள்

சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1989இல் வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதினார். முதலில் வழங்கிகள் எழுதி வைத்த பக்கங்களை அப்படியே எடுத்துத் தருவனவாக மட்டும் இருந்தன. கேட்பவர்க்கு ஏற்பப் பக்கத்தை அப்போதைக்கப்போது எழுதித் தரும் முறை 1993இல் 'சி.ஜி.ஐ.' என்னும் பெயரால் வகுக்கப்பட்டது. அதற்குப் பெரிதும் கைகொடுத்த மொழி பெர்ல். அதனை 1987இல் வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர் என்பது தமிழாசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. இயற்கை மொழிகளில் ஒரு கருத்தைப் பல வகையாகச் சொல்லலாம் அன்றோ? அவ்வுரிமையை நிரல்மொழிக்கும் அளிக்க அவர் விரும்பினார்.

1995ஆம் ஆண்டு இத்துறையில் மறக்கவொண்ணாத ஆண்டு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்த இணையப் பக்கத்திற்காக எழுதிவைத்த கருவிகளைப் பிறரும் பயன்படுத்துமாறு அவ்வாண்டு வெளியிட்டார், அதுவே பி.எச்.பி. மொழியின் தொடக்கம். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் உருவான ஜாவாவும், ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ படைத்த ரூபியும், பிரெண்டன் ஐக் பத்தே நாளில் வரைந்த ஜாவாஸ்கிரிப்டும் அவ்வாண்டிலேயே உலகிற்கு வந்தன.

தமிழ் இணையத்தில் ஏறியதும் அக்காலத்திலேதான். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளம் ஒன்று 1995 அக்டோபரில் தொடங்கப்பெற்றபோது அதில் தமிழும் இடம்பெற்றது. அதற்கு உழைத்த நா. கோவிந்தசாமி ஆசிரியப் பயிற்சித் துறையில் விரிவுரையாளராக இருந்தவர். வழங்கி மொழிகளும் இணையத் தமிழும் ஏறக்குறைய ஒத்த வயதின எனலாம்.

பாலமின்றிப் பிரிந்த மொழி

பெர்ல் மொழிக்கு என்ன நேர்ந்தது? 2000ஆம் ஆண்டில் அது புகழின் உச்சியில் இருந்தது. அவ்வாண்டு அதன் ஆறாம் பதிப்பை அடியோடு புதிதாக வகுக்கப் போவதாக அறிவித்தனர். பழைய பெர்லில் எழுதிய நிரல்கள் புதியதில் அப்படியே இயங்கா என்பதும் தெரிந்தது. புதிய மொழி பல நல்ல கருத்துகளைக் கொண்டிருந்தது. ஆனால் முழுமையாக வெளிவர 2015 டிசம்பர் வரை ஆயிற்று. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் நிரலாளர்கள் இருதலைக்கொள்ளி எறும்பு ஆயினர். பழையதில் எழுதினால் நாளை அது கைவிடப்படுமோ என்று அஞ்சினர். புதியதில் எழுதலாம் என்றாலோ அது இன்னும் வரவில்லை. பலர் வேறு மொழிகளை நாடினர். இறுதியில் 2019 அக்டோபரில் புதிய மொழிக்கு 'ராகு' என்று வேறு பெயரிட்டு, அது வேறு மொழி என்பதை ஒப்புக்கொண்டனர். பழைய பெர்ல் இன்றும் பேணப்பட்டு வருகிறது. இழந்த இடத்தை மட்டும் அது திரும்பப் பெறவில்லை.

பைத்தான் மொழியும் இத்தகைய ஒரு பிரிவைக் கண்டது. கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட அம்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பில் எழுதியன பல அதில் இயங்கவில்லை. ஆயினும் பைத்தான் வீழவில்லை. காரணம் யாது? பழைய பதிப்பை உடனே கைவிடாமல், 2015 வரை பேணுவோம் என்றனர். போதவில்லை என்று கண்டு 2014இல் அக்காலக்கெடுவை 2020 சனவரி முதல் நாள்வரை நீட்டினர். பழையதைப் புதியதாக மாற்றும் கருவிகளை அளித்தனர். 2012இல் வந்த பதிப்பொன்றில், முன்னர் நீக்கிய பழைய எழுத்துமுறை ஒன்றை மீண்டும் ஏற்றுக்கொண்டனர். அதனால் ஒரே நிரலை இரு பதிப்பிற்கும் பொருந்துமாறு எழுதுதல் எளிதாயிற்று. இன்ஸ்டாகிராம் போன்ற பெருந்தளம் தன் நிரல் முழுவதையும் 2017இல் மூன்றாம் பதிப்பிற்கு மாற்றி முடித்தது. பெர்ல் ஆற்றின் அக்கரையில் நின்று அழைத்தது. பைத்தான் பாலம் கட்டிப் பதினொரு ஆண்டு காத்திருந்தது.

பழையதைச் சுமந்து வந்த மொழி

பி.எச்.பி. மொழியைப் புலவர் பலர் புகழ்ந்ததில்லை. ஒருவர் தம் வசதிக்காக எழுதிய கருவி சிறிது சிறிதாக வளர்ந்து மொழியானமையால் அதன் சொற்களில் ஒழுங்கு குறைவு. ஒரு கட்டளையில் தேட வேண்டியது முன்னும், மற்றொன்றில் பின்னும் நிற்கும். அம்மொழி விரைவில் மறையும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தனர். இன்றோ, வழங்கி மொழி இன்னதென்று அறியக்கூடிய இணையத்தளங்களுள் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை அம்மொழியால் இயங்குகின்றன.

விக்கிப்பீடியாவின் கதை இதனை நன்கு விளக்கும். 2001 சனவரியில் தொடங்கிய அக்கலைக்களஞ்சியம் முதலில் பெர்லில் எழுதிய ஒரு சிறு நிரலால் இயங்கியது. பக்கங்கள் பெருகவே அது தாங்கவில்லை. மாக்னஸ் மான்ஸ்கே என்னும் ஜெர்மானிய இளைஞர் பி.எச்.பி. மொழியில் எழுதித் தந்த நிரலுக்கு 2002இல் மாறினர். அவ்வாண்டிலேயே லீ டேனியல் கிராக்கர் அதனைத் திருத்தி எழுதினார். அந்நிரலே பின்னர் 'மீடியாவிக்கி' என்று பெயர் பெற்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதனாலேயே இயங்குகிறது. தமிழன்பர்கள் ஊதியம் கருதாது எழுதிய கட்டுரைகளைப் படிப்போர்க்கு எடுத்துத் தருவது அம்மொழியே.

பக்கங்களும் படிப்போரும் பெருகியபோது விரைவு குறைந்தது. அதே இடர் பேஸ்புக் நிறுவனத்திற்கும் நேர்ந்தது. 2004இல் பி.எச்.பி.யில் தொடங்கிய அந்நிறுவனம் தன் நிரலைத் தூக்கி எறியவில்லை. அதனைச் சி++ மொழிக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றை 2010இல் வெளியிட்டது. பின்னர் 'எச்.எச்.வி.எம்.' என்னும் விரைவு இயந்திரத்தையும், 2014இல் பி.எச்.பி.யிலிருந்து கிளைத்த 'ஹேக்' என்னும் மொழியையும் அமைத்தது. விக்கிப்பீடியா 2014இன் இறுதியில் அவ்வியந்திரத்திற்கு மாறியது. வழங்கிகளின் சுமை பெரிதும் குறைந்தது.

இந்தப் போட்டி பி.எச்.பி.யை வகுப்போரை எழுப்பியது. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு முந்தையதினும் பல வேலைகளில் ஏறத்தாழ இருமடங்கு விரைவு பெற்றது. பழைய நிரல்களுள் பெரும்பாலானவை சிறு திருத்தத்தோடு அதில் இயங்கின. நீக்க வேண்டிய பழங்கட்டளைகளை ஒரேநாளில் நீக்கவில்லை. சான்றாக, தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைத் தொகுதியைப் பற்றி 2013ஆம் ஆண்டுப் பதிப்பு எச்சரித்தது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பே அதனை விலக்கியது. பேஸ்புக்கின் இயந்திரமோ பி.எச்.பி.யை விட்டுத் தன் மொழிக்கே உரியதாகிவிட்டது. விக்கிப்பீடியா 2019இல் மீண்டும் பி.எச்.பி.க்கே திரும்பியது. மீடியாவிக்கி நிரலை வேறு மொழியில் புதிதாக எழுத வேண்டிய தேவை எழவே இல்லை.

ஜாவாஸ்கிரிப்டின் நிலையும் இதனையே காட்டும். அம்மொழியில் இன்மையைக் குறிக்கும் ஒரு சொல் உண்டு. அதன் வகை யாது என்று வினவினால் 'பொருள்' என்று விடை வரும்! இது 1995இல் நேர்ந்த பிழை. திருத்தினால் உலகெங்கும் உள்ள பழைய பக்கங்கள் சில பழுதுபடும் என்பதனால் இன்றுவரை திருத்தாமல் விட்டிருக்கின்றனர். உலாவிக்காகப் பிறந்த அம்மொழியை ரயன் டால் 2009இல் 'நோட்.ஜேஎஸ்' வாயிலாக வழங்கிக்குக் கொண்டுவந்தார். இரு பக்கத்திற்கும் ஒரே மொழி என்னும் வசதி அதனைப் பரப்பியது. மைக்ரோசாப்ட் 2012இல் வெளியிட்ட 'டைப்ஸ்கிரிப்ட்' அம்மொழியைப் பகைக்காமல், அதன்மேல் ஒட்டுமரம்போல் வளர்ந்து பரவியது. கூகிள் நிறுவனத்தின் 'கோ' மொழியை வகுத்தோர் 2012இல் முதற்பதிப்பை வெளியிட்டபோதே, இதில் எழுதப்படுவது இனிவரும் ஒன்றாம் வரிசைப் பதிப்புகளிலும் இயங்கும் என்று வாக்களித்தனர். இளைய மொழிகளும் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டன.

சுமப்பதன் விலை

பழையதைக் காத்தலே எப்போதும் நன்று என்று முடிவுகட்டுதல் பிழையாகும். பி.எச்.பி.யின் தொடக்க காலத்தில், உலாவியிலிருந்து வருவன யாவும் நிரலின் உள்ளே தாமாகவே பெயர்களாகப் புகும் வசதி ஒன்று இருந்தது. எழுதுவோர்க்கு எளிது, திருடர்க்கும் எளிது. 2002இல் அதனை இயல்பாக மூடிவைத்தனர். முற்றாக நீக்கியது 2012இல்தான். அந்தப் பத்தாண்டும் அது வேண்டியவர் திறந்துகொள்ளும் வாயிலாகவே இருந்தது.

ட்விட்டர் நிறுவனத்தின் வரலாறும் எண்ணத்தக்கது. 2006இல் ரூபி மொழியில் தொடங்கிய அத்தளம், கூட்டம் பெருகிய நேரங்களில் அடிக்கடி நின்றுபோயிற்று. சில ஆண்டுகளில் அதன் முதன்மைப் பகுதிகளை ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் 'ஸ்காலா' மொழிக்கு மாற்றினர். 2023இல் 'எக்ஸ்' என்று பெயர் மாறிய அத்தளத்திற்கு அன்று அம்மாற்றம் தேவையாயிற்று. ஆனால் உலகிலுள்ள தளங்களுள் அத்தகைய கூட்டத்தைக் காண்பன மிகச் சிலவே. பள்ளி, கோயில், சங்கம், சிறுகடை ஆகியவற்றின் தளத்திற்கு எம்மொழியின் விரைவும் போதும். அரண்மனைக்குத் தேவைப்படும் வாயிலைக் குடிசைக்கு வைக்க வேண்டுவதில்லை.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து?

சுமப்பதன் விலையைத் தமிழர் நேரே உணரும் இடம் ஒன்று உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை என்று கேட்டால் முதல் வகுப்பு மாணவனும் மூன்று என்பான். வழங்கி மொழிகள் அவ்வாறு சொல்வதில்லை.

ஒருங்குறி முறையில் உயிர்மெய்யும் மெய்யும் பிரித்தே குறிக்கப்படுகின்றன. 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் என இரு குறிகள். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் என இரண்டு. 'த' ஒன்று. ஆகக் குறிகள் ஐந்து. ஒவ்வொரு தமிழ்க் குறியையும் சேமிக்க, இணையத்தில் பெருவழக்காக உள்ள முறையில் மூன்று பைட்டுகள் தேவை. ஆகப் பதினைந்து பைட்டுகள். பி.எச்.பி.யின் பழைய அளவுக் கட்டளை பைட்டுகளை எண்ணி 15 என்று விடை தரும். பைத்தான் மூன்றாம் பதிப்பும் ஜாவாஸ்கிரிப்டும் குறிகளை எண்ணி 5 என்று கூறும். எலிக்சிர் என்னும் இளைய மொழி, மனிதர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தோன்றுவதை ஒன்றாகவே எண்ணி 3 என்று சரியாகச் சொல்லும்.

இது வெறும் விளையாட்டன்று. கலைச்செல்வி என்னும் மாணவியின் பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் 6, குறிகள் 11, பைட்டுகள் 33. பெயருக்கு இருபது இடம் போதும் என்று எண்ணி, பைட்டுகளை எண்ணும் நிரலை ஒருவர் எழுதிவிட்டால், அப்பெயர் 'கலைச்ச' என்ற அளவில் அறுந்து, இறுதியில் பொருளற்ற குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். பத்துக் குறி போதும் என்று எழுதினாலோ இறுதி இகரம் மட்டும் உதிர்ந்து 'கலைச்செல்வ' என்றாகும். பிழை என்று எளிதில் தோன்றாது. அம்மாணவியின் சான்றிதழில் பெயரே வேறாகி நிற்கும்.

இக்குறையைக் களைய பி.எச்.பி.யின் ஆறாம் பதிப்பை ஒருங்குறியின் அடிப்படையில் முழுதும் மாற்றி அமைக்க முயன்றனர். வேலை மிகக் கடினமாயிற்று. 2010இல் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஆறு என்னும் எண்ணையும் தவிர்த்து ஏழுக்குச் சென்றனர். ஆகவே பழைய கட்டளை இன்றும் பைட்டையே எண்ணுகிறது. அதன் அருகில் குறிகளை எண்ணும் கட்டளையும், எழுத்துகளை எண்ணும் கட்டளையும் தனியே வைக்கப்பட்டுள்ளன. அறிந்தவர் அவற்றைப் பயன்படுத்துவர். அறியாதவர் பெயரை அறுப்பர். பைத்தான் அத்தனை தொல்லைக்கிடையே மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்ததன் தலையாய காரணங்களுள் ஒன்றும் எழுத்தையும் பைட்டையும் தெளிவாகப் பிரிப்பதே. அப்பிரிவால் ஆங்கிலம் அல்லாத மொழிகள் யாவும் பயன் பெற்றன. மாற்றம் தகுதியுடையதாயின் செய்யத்தான் வேண்டும். பாலத்தோடு செய்ய வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

பாலமின்மையின் கேட்டைத் தமிழ் இணையமும் கண்டது. தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி குறியீடுகளை வைத்துக்கொண்டது. அன்று எழுதிய பக்கங்களுள் பல, உரிய எழுத்துருவும் மாற்றியும் இன்மையால், இன்று திறப்பவர்க்குப் பொருளற்ற குறிகளாகவே தெரிகின்றன. கறையான் அரித்த ஏடுகளுக்காக வருந்தும் தமிழர், முப்பது ஆண்டு வயதும் நிரம்பாத எழுத்துகளையும் இவ்வாறு இழந்தனர்.

இனி வரும் மாற்றங்கள்

வருங்காலத்தை முழுதும் கணித்துக் கூறல் இயலாது. ஆயினும் மூன்று போக்குகள் வெளிப்படையாகத் தெரிகின்றன.

முதலாவது, மொழிகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் வகைக் கட்டுப்பாடு முன்னர் ஜாவா போன்றவற்றிற்கே உரியதாக இருந்தது. 2015இல் பைத்தானும் பி.எச்.பி.யும் அதனை விரும்புவோர்க்கு உரியதாக ஏற்றன. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கு விடை தரும் எளிய முறை 'கோ' மொழியின் தனிச்சிறப்பாக இருந்தது. ஜாவா 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு நிகரான ஒன்றைத் தன் பழைய நிரல்களும் பயன்கொள்ளுமாறு சேர்த்துக்கொண்டது. நல்லதை எங்கிருந்தாலும் கொள்ளும் மொழி தன் இயல்பை இழப்பதில்லை.

இரண்டாவது, நிரலாளர் பிறர் எழுதிய சிறு நிரல்களைச் சார்ந்திருத்தல் மிகுந்துவிட்டது. 2016 மார்ச்சில் ஒருவர் தாம் பொதுவில் வைத்திருந்த பதினொரு வரி நிரலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்புவதே அதன் வேலை. அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் அன்று உருவாக்க இயலாமல் நின்றன. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் குறிப்பெழுதப் பயன்படுத்தும் 'லாக்ஃபோர்ஜே' என்னும் தொகுதியில் ஒரு பெருந்துளை வெளிப்பட்டு உலகெங்கும் வழங்கிகளைக் காப்போரை உறக்கமிழக்கச் செய்தது. மொழியின் அழகைவிட, அதன் பொதுநூல்களை யார் பேணுகின்றனர் என்பது இனிப் பெரிதும் கேட்கப்படும். பி.எச்.பி.யை வளர்ப்போர்க்கு ஊதியம் அளிக்க 2021இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டதும் இக்கருத்தினாலேயே.

மூன்றாவது, நிரல் எழுதும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 2021 முதல் செயற்கை அறிவுக் கருவிகள் நிரலாளர்க்கு வரிவரியாக எழுதித் தருகின்றன. அவை ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைக் கண்டு கற்பன. ஆகவே மிகுதியாக எழுதப்பட்ட மொழிகளில் அவை நன்றாக எழுதும். அரிதாக எழுதப்பட்டவற்றில் தடுமாறும். புதுமொழி ஒன்று வேரூன்றுதல் இதனால் இன்னும் கடினமாகலாம். இயந்திரம் எழுதியதையும் மனிதரே படித்துச் சரிபார்க்க வேண்டும். ஆதலால் எழுதுவதற்கு எளிய மொழி எது என்பதினும், படிப்பதற்குத் தெளிவான மொழி எது என்னும் வினா முன்னிற்கும்.

மொழி வாழ்வது யாரால்?

கோபால் என்னும் மொழி 1959இல் வகுக்கப்பட்டது. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வேலை இழந்தோர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகைக்குப் பெருந்திரளாக விண்ணப்பித்தனர். அவ்வேலையைச் செய்த பழைய கணினிகளின் நிரல்கள் கோபாலில் இருந்தன. அம்மொழி அறிந்தோர் தொண்டாற்ற முன்வர வேண்டும் என்று மாநில ஆளுநர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். நிரல் அழியவில்லை, அதனைப் படிப்போர் அருகிவிட்டனர். பல பத்தாண்டுகள் ஓடிய நிரலைக் காட்டிலும், அதனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்காமல் விட்டதே குறை.

இங்கேதான் ஆசிரியர் கடமை தொடங்குகிறது. எம்மொழி வெல்லும் என்று ஊகித்து அதனை மட்டும் மாணவர்க்குப் புகட்டுதல் சூதாட்டத்தை ஒக்கும். கிராணியும் பதிவேடும் தாளும் என்ற அமைப்பை முதலில் உணர்த்துக. பிறகு ஏதேனும் ஒரு மொழியை ஆழக் கற்பிக்க; பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. ஆகியவற்றுள் எதுவும் தகும். ஒன்றைச் செவ்வனே கற்றவர்க்கு அடுத்தது சில திங்களில் கைவரும். புதிதாக எழுதப் பயிற்றுவது போலவே, பிறர் எழுதிய பழைய நிரலைப் படித்துப் பொருள் காணவும் பயிற்றுக. உரையாசிரியர் மரபில் வந்த தமிழாசிரியர்க்கு அத்தகைய வாசிப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பள்ளிக்கோ சங்கத்திற்கோ இணையத்தளம் அமைக்க ஒருவர் முன்வரும்போது, நிரலறிவு இல்லாதவரும் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உள. பத்தாண்டுக்கு முன் இம்மொழியில் எழுதியது இன்றும் ஓடுகிறதா? நீர் இல்லாதபோது இதனைப் படித்துத் திருத்த வேறு ஒருவர் இவ்வூரில் கிடைப்பாரா? 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று உம் நிரல் கூறுகிறது? மூன்றிற்கும் தக்க விடை தருபவர் எம்மொழியில் எழுதினாலும் ஏற்கலாம். மூன்றாம் வினாவிற்குப் பதினைந்து என்று விடை வருமாயின், பெயர்ப்பட்டியலை அவரிடம் ஒப்படைக்குமுன் கலைச்செல்வியின் பெயரை ஒருமுறை உள்ளிட்டுப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.